ஈகையால் ஏழ்மை தீருமா?
ரோசன்வால்டு பள்ளிகளின் வரலாறு தரும் பாடம்

வெள்ளி விழாக் காணும் நம் கல்விக் கழகத்தின் மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என மலர்க்குழுவினர் பணித்தபோது, எதனைப்பற்றி எழுதுவது என்னும் ஐயம் நமக்கு எழவில்லை. சென்ற பொதுக்குழுவில் எழுந்து, விடை காணப்படாமலே கலைந்துபோன கேள்வி ஒன்று நம் நெஞ்சை நெருடிக்கொண்டே இருந்தது. மாணவர் விடுதிக் கட்டடம் முழுவதையும் தம் செலவிலேயே கட்டித்தர வெளியூர்ச் செல்வர் ஒருவர் முன்வந்துள்ளார் என்ற செய்தி அக்கூட்டத்தில் வைக்கப்பட்டது. "வருவதை வாங்கிக்கொள்வோம், பிள்ளைகள் படிக்கட்டும்" என்றனர் ஒரு சாரார். "பிறர் கொடையால் நிமிர்ந்த சமுதாயம் உலகில் எங்கேனும் உண்டா? நீட்டிய கைக்கு மேலே நிமிர்ந்த தலை இருந்ததுண்டா?" என்றனர் மறு சாரார்.

இரு சாரார் கூற்றிலும் உண்மை இல்லாமல் இல்லை. அறத்துப்பாலில் ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர்தாம், பொருட்பாலில் இரவுக்கு ஓர் அதிகாரமும் அதனை அடுத்தே இரவச்சத்துக்கு ஓர் அதிகாரமும் வகுத்தார். கொடுத்தலை உயர்த்திய அப்பெருந்தகையே கேட்டலுக்கு அஞ்சவும் சொன்னார் என்றால், இக்கேள்வி இன்று நேற்று முளைத்ததன்று என்பது விளங்கும்.

நம் சொந்த வாழ்விலும் இரண்டையும் கண்டுள்ளோம். நாம் ஏழாம் வகுப்பில் பயின்ற ஆண்டில், அறநிலையம் ஒன்றைச் சேர்ந்தோர் நம் தெருப் பிள்ளைகளுக்குக் குறிப்பேடு வழங்க வந்தனர். காலை பத்து மணி தொடங்கி உச்சி வெயில் சாயும்வரை வரிசையில் நிறுத்தினர். ஆளுக்கு ஆறு குறிப்பேடு என அறிவித்து, இரு கைகளையும் ஏந்தச் சொல்லிப் படம் பிடித்தனர். படம் பிடித்து முடிந்ததும் ஆறில் நான்கு திரும்ப வாங்கப்பட்டன. அடுத்த ஊரில் எடுக்கவேண்டிய படத்துக்கு அவை தேவையாம்! அதே நாம் கல்லூரியில் சேரப் புறப்பட்ட நாளில், நம் தெருவில் வாழ்ந்த ஓய்வுபெற்ற தபால் ஊழியர் ஒருவர் பயணச் செலவும் மாற்றுடை ஒன்றும் தந்து வழியனுப்பினார். தம் இறுதி நாள்வரை அதனை எவரிடமும் அவர் சொன்னதில்லை. முன்னதும் கொடை, பின்னதும் கொடை. ஒன்று நம்மைக் குறுக்கியது. மற்றொன்று நம்மை உயர்த்தியது. இவ்வேறுபாட்டின் வேர் எங்குள்ளது?

தனி மனிதர் அனுபவம் மட்டும் இதற்கு விடையாகாது. ஒரு மக்கள்கூட்டம் முழுவதற்கும் கொடை வந்து சேர்ந்த வரலாறு ஒன்றை எடுத்து, வரவு செலவோடு ஆராய்ந்து பார்த்தல் வேண்டும். அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களுக்காக எழுந்த ரோசன்வால்டு பள்ளிகளின் வரலாறு அதற்குத் தக்கதோர் உரைகல்லாகும்.

இருண்ட பின்னணி

அமெரிக்காவில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1865ஆம் ஆண்டின் இறுதியில். அதற்கு முன்னர், தென் மாநிலங்கள் பலவற்றில் அடிமைக்கு எழுத்தறிவிப்பதே தண்டனைக்குரிய குற்றம். விடுதலை பெற்ற மக்கள் முதலில் நாடியது நிலத்தை. அதற்கு இணையாக நாடியது பள்ளியை. நிலம் கிடைக்கவில்லை. வெள்ளையர் பண்ணைகளிலேயே வாரத்துக்கு உழுது, கடனில் பிறந்து கடனில் மடியும் வாழ்வே பெரும்பாலோர்க்கு எஞ்சியது. 1896ஆம் ஆண்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், இனங்களைப் பிரித்து வைத்தாலும் வசதிகள் சமமாயிருந்தால் அது குற்றமன்று எனத் தீர்ப்பளித்தது. பிரிவினை மட்டும் அணுவும் பிசகாமல் நடந்தது. சமம் ஏட்டிலே உறங்கியது. கறுப்பின மக்கள் வரி செலுத்தினர். அவ்வரிப் பணத்தில் வெள்ளையர் பிள்ளைகளுக்குச் செங்கற் பள்ளிகள் எழுந்தன. கறுப்பினப் பிள்ளைகளோ தேவாலயத் திண்ணையிலும் ஒழுகும் மரக் கொட்டகையிலும், பருத்தி வேலை இல்லாத சில திங்கள் மட்டுமே பயின்றனர். வாக்குரிமையும் பறிக்கப்பட்டிருந்தமையால், கேட்க வாயிருந்தும் கேட்கப்படும் இடம் அவர்களுக்கு இல்லை.

ஊருக்கு வெளியே குடியிருப்பும், பள்ளிக்குள்ளே தனி இடமும் கண்ட மரபினராகிய நமக்கு இச்சித்திரத்தை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இருவர் சந்திப்பு

1856ஆம் ஆண்டில் வர்ஜீனியா மாநிலத்தில் அடிமையாகவே பிறந்தவர் புக்கர் டி. வாஷிங்டன். 1881ஆம் ஆண்டில் அலபாமா மாநிலத்தின் டஸ்கீகி என்னும் ஊரில் ஆசிரியப் பயிற்சியும் தொழிற்கல்வியும் தரும் நிலையத்தைத் தொடங்கி வளர்த்தவர். ஜூலியஸ் ரோசன்வால்டு 1862ஆம் ஆண்டில் இல்லினாய் மாநிலத்தில், ஜெர்மனியிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பை முடிக்காமலே துணி வணிகத்தில் இறங்கி, சியர்ஸ் ரோபக் என்னும் பெரும் அஞ்சல்வழி வணிக நிறுவனத்தின் தலைவரானவர். இவ்விருவரும் 1911ஆம் ஆண்டில் சிகாகோ நகரில் சந்தித்தனர். மறு ஆண்டு தம் ஐம்பதாம் பிறந்த நாளையொட்டி ரோசன்வால்டு அளித்த நன்கொடைகளுள் 25,000 டாலர் டஸ்கீகியின் வழிவந்த நிலையங்களுக்கென ஒதுக்கப்பட்டது. அதில் எஞ்சிய சிறு தொகையைக் கொண்டு சிற்றூர்களில் பள்ளி கட்டிப் பார்க்கலாமா என வாஷிங்டன் கேட்டார். இசைவு கிடைத்தது. டஸ்கீகியைச் சூழ்ந்த பகுதியில் ஆறு பள்ளிகள் முதலில் எழுந்தன. 1915ஆம் ஆண்டில் வாஷிங்டன் மறைந்தபின்னும் பணி நிற்கவில்லை. 1917ஆம் ஆண்டில் ரோசன்வால்டு நிதியம் என்னும் அமைப்பு உருவாகி அதனை ஏற்றது.

கொடையின் அமைப்பு

இங்கேதான் அன்பர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். ரோசன்வால்டு பள்ளிகளை முழுவதும் கட்டிக் கொடுத்துவிடவில்லை. அவர் தந்தது ஒரு பங்கு. அவ்வூர்க் கறுப்பின மக்கள் தம் பங்கைப் பணமாகவோ, நிலமாகவோ, மரமாகவோ, உழைப்பாகவோ ஈடாகத் திரட்ட வேண்டும். மாவட்டக் கல்வி நிருவாகம் எஞ்சிய செலவை ஏற்று, கட்டடத்தைப் பொதுப் பள்ளியாகவே வைத்துப் பேணி, ஆசிரியருக்கு ஊதியமும் தர வேண்டும். இம்மூன்றும் கூடினால்தான் கொடை வரும்.

கட்டட வரைபடங்களும் எண்ணித் தீட்டப்பட்டவை. மசாசூசட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பட்டம் பெற்ற முதற் கறுப்பினத்தவரான இராபர்ட் டெய்லர் தொடக்க கால வரைபடங்களை உருவாக்கினார். மின்விளக்கு எட்டாத சிற்றூர்கள் ஆதலின், வரிசை வரிசையாகப் பெருஞ்சாளரங்களைக் கிழக்கும் மேற்கும் பார்க்க வைத்து, பகலொளி குழந்தையின் இடப்பக்கத்திலிருந்து ஏட்டில் விழும்படி இருக்கைகளை அமைத்தனர். எழுதும் வலக்கையின் நிழல் எழுத்தை மறைக்கக்கூடாது என்பது கருத்து. ஏழைப் பிள்ளைக்கு ஏதோ ஒரு கூரை போதும் என்று எண்ணாமல், அதன் கண்ணுக்கு எவ்வொளி நல்லது என்று எண்ணிய கொடை அது.

மக்கள் பங்கு எவ்வாறு திரண்டது? உழவர் தம் வயலில் ஒரு துண்டைப் பள்ளிக்கெனப் பிரித்துப் பருத்தி விளைவித்தனர். பெண்கள் கோழி வளர்த்து விற்றனர். உணவு சமைத்து ஏலம் விட்டனர். ஆடவர் மரம் வெட்டிச் சுமந்தனர். அலபாமாவின் பொலிஜி என்னும் சிற்றூரில் பள்ளிக்குப் பணம் திரட்டிய கூட்டத்தில், அடிமை நாள்களைக் கண்ட முதியவர் ஒருவர் எழுந்து, தம் வாழ்நாள் சேமிப்பு முழுவதையும் அழுக்கேறிய பழம் பையிலிருந்து மேசைமேல் கொட்டினார். எண்ணிப் பார்த்தபோது 38 டாலர் இருந்தது. தம் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளுக்கு ஒரு வாய்ப்புக் கிட்ட வேண்டும் என்பதே அவர் சொன்ன காரணம். கோடீசுவரர் கொடையையும் இம்முதியவர் கொடையையும் எந்தத் தராசில் வைத்து நிறுப்பது?

கணக்கு சொல்லும் உண்மை

1932ஆம் ஆண்டில் இத்திட்டம் முடிவுக்கு வந்தபோது 15 மாநிலங்களில் 4,977 பள்ளிகளும், 217 ஆசிரியர் இல்லங்களும், 163 தொழிற்கூடங்களும் எழுந்திருந்தன. 6,63,615 மாணவர்க்கு அவற்றில் இடமிருந்தது. மொத்தச் செலவு 2 கோடியே 84 இலட்சம் டாலர். இதில் ரோசன்வால்டு நிதியத்தின் பங்கு ஏறக்குறைய 43.6 இலட்சம் டாலர். அஃதாவது நூற்றுக்குப் பதினைந்து. கறுப்பின மக்கள் தந்தது ஏறக்குறைய 47.3 இலட்சம் டாலர்; நூற்றுக்குப் பதினேழு. வெள்ளையின நன்கொடையாளர் தந்தது 12 இலட்சம். எஞ்சிய 181 இலட்சம் டாலர், அஃதாவது நூற்றுக்கு அறுபத்து நான்கு, பொது வரிப் பணத்திலிருந்து வந்தது.

இக்கணக்கை இருமுறை படித்தல் நன்று. செல்வர் பெயரால் வழங்கும் பள்ளிகளுக்கு, அச்செல்வரைவிட அந்த ஏழை மக்களே மிகுதியாகத் தந்துள்ளனர். இருவர் தந்ததையும் கூட்டினாலும், அதன் இரு மடங்குக்கு அண்மையான தொகை அரசின் கருவூலத்திலிருந்து வெளிப்பட்டுள்ளது. பூட்டிக் கிடந்த கருவூலத்தைத் திறந்த திறவுகோல் என்பதே அக்கொடையின் உண்மையான பெருமை.

பயன் விளைந்ததா? 2011ஆம் ஆண்டில் பொருளியல் ஆய்வாளர் இருவர் பழைய மக்கட்கணக்கேடுகளைக் கொண்டு இதனை ஆராய்ந்து வெளியிட்டனர். தென்னகச் சிற்றூர்களில் பள்ளி வயதுக் கறுப்பினப் பிள்ளைகளுள் ஏறக்குறைய நூற்றுக்கு முப்பத்தாறு பேருக்கு இப்பள்ளிகள் பயன்பட்டன என்பதும், இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் அம்மக்கள் கல்வியில் கண்ட ஏற்றத்தில் குறிப்பிடத்தக்க பகுதி இத்திட்டத்தால் விளைந்தது என்பதும் அவர்கள் கண்ட முடிபு. நிறவெறிக்கு எதிராகப் பிற்காலத்தில் போராடி, அமெரிக்க நாடாளுமன்றத்தில் நெடுநாள் அமர்ந்து 2020ஆம் ஆண்டில் மறைந்த ஜான் லூயிஸ், அலபாமாவில் இத்தகைய பள்ளி ஒன்றில் எழுத்தறிந்தவரே.

மறுபக்கம்

இத்துடன் நிறுத்திக்கொண்டால் நாம் வரலாற்றாசிரியர் ஆகோம். புகழ்பாடும் பாணர் ஆவோம். மறுபக்கத்தையும் கூறவேண்டும்.

முதலாவது, கறுப்பின மக்கள் ஏற்கெனவே வரி செலுத்தியவர்கள். அவ்வரியில் தமக்குரிய பள்ளியைப் பெறும் உரிமை படைத்தவர்கள். அவ்வுரிமை மறுக்கப்பட்டதனால்தான் மீண்டும் தம் வயிற்றைக் கட்டிப் பங்கு தந்தனர். இதனை இரட்டை வரி என்றே பிற்கால வரலாற்றாசிரியர் சாடினர். இரண்டாவது, மக்கள் தந்த நிலமும் கட்டடமும் வெள்ளையர் ஆண்ட கல்வி நிருவாகத்தின் பெயரிலேயே பதியப்பட்டன. மூன்றாவது, இப்பள்ளிகள் பிரிவினையை அசைக்கவில்லை. பிரிவினைக்குள் நின்றே பணி செய்தன. வாக்குரிமைக் கோரிக்கையை வாஷிங்டன் பின்னுக்குத் தள்ளினார் என்று பேரறிஞர் டு பாய்ஸ் 1903ஆம் ஆண்டிலேயே வன்மையாகக் கண்டித்திருந்தார். தொழில் கற்றவனும் வாக்கற்றவனாயின் அவன் கற்ற தொழிலையும் காக்க இயலாது என்பதே அவர்தம் வாதத்தின் சாரம்.

எனினும் வரலாறு நேர்கோட்டில் நடப்பதில்லை. ரோசன்வால்டு நிதியம் 1928 முதல் 1948 வரை கறுப்பின அறிஞர்க்கும் கலைஞர்க்கும் ஆய்வுத் தொகைகள் வழங்கியது. டு பாய்சும் அதனைப் பெற்றவருள் ஒருவர். உளவியல் அறிஞர்களான கென்னத் கிளார்க், மேமி கிளார்க் இணையரும் பெற்றனர். பிரித்து வைக்கப்படும் குழந்தையின் உள்ளம் தன்னையே இழிவாக எண்ணத் தலைப்படுகிறது என்று பொம்மைகளைக் கொண்டு அவர்கள் நடத்திய ஆய்வு, பள்ளிப் பிரிவினை வழக்கில் சான்றாக வைக்கப்பட்டது. 1954ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் பள்ளிப் பிரிவினை சட்டத்துக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. பிரிவினைக்குள் நின்ற கொடையே பிரிவினையை உடைக்கும் கருவி ஒன்றுக்கும் எண்ணெய் இட்டது என்னலாம். ஆயினும் உடைத்தது கொடையன்று. வழக்காடியோரும், சாலையில் இறங்கி அடிபட்டோரும் உடைத்தனர். 1965ஆம் ஆண்டில் செல்மா நகரின் பாலத்தில் காவலர் தடியால் மண்டை பிளக்கப்பட்டவர்களுள் நாம் மேலே கூறிய ஜான் லூயிசும் ஒருவர். அவ்வாண்டே வாக்குரிமைச் சட்டம் வந்தது. பள்ளி தந்தது கொடை. வாக்கைத் தந்தது போராட்டம்.

அண்ணல் கண்ட உண்மை

டஸ்கீகியைச் சூழ்ந்து இப்பள்ளிகள் எழத் தொடங்கிய அதே காலத்தில், 1913 முதல் 1916 வரை, நியூயார்க் நகரின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர் நம் அண்ணல் அம்பேத்கர். அவரை அங்கு அனுப்பியதும் ஒரு கொடையே. பரோடா மன்னர் சாயாஜிராவ் கெயிக்வாட் அளித்த உதவித்தொகை, திரும்பி வந்து பத்தாண்டு பரோடா அரசில் பணிபுரிய வேண்டும் என்ற உடன்படிக்கையோடு வந்தது. 1917ஆம் ஆண்டில் அவ்வாறே பணி ஏற்கச் சென்ற அண்ணலுக்கு அந்நகரில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் தங்கியிருந்தவரைத் தடியேந்தியோர் வந்து வெளியேற்றினர். மன்னர் கொடை ஒருவரை உலகப் பேரறிஞராக்க வல்லதாயிருந்தது. தம் தலைநகரிலேயே அவருக்கு ஒரு கூரையைப் பெற்றுத்தர அதனால் முடியவில்லை. கொடையின் ஆற்றலையும் எல்லையையும் ஒருசேரக் காட்ட இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ? 1946ஆம் ஆண்டில் அண்ணல் டு பாய்சுக்கு மடல் எழுதி, கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளித்த மனுவின் படியைக் கேட்டார். இரு கரைகளிலும் சிந்தனை உரிமையின் பக்கமே சென்றது என்பதற்கு அம்மடல் அடையாளம்.

நம் மாநிலத்தின் ஏணிப்படிகளும் இவ்வாறே அமைந்தன. 1894ஆம் ஆண்டில் கர்னல் ஆல்காட் சென்னை அடையாற்றுப் பகுதியில் ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். பின்னர் மேலும் சில பள்ளிகள் எழுந்தன. அவை விதை. ஆனால் ஊர்தோறும் பள்ளி எனப் பயிரானது, 1920ஆம் ஆண்டையொட்டி அரசின் தொழிலாளர் துறை அப்பொறுப்பை ஏற்கத் தொடங்கிய பின்னரே. 1944ஆம் ஆண்டில் உயர்கல்வி உதவித்தொகை அரசுத் திட்டமாயிற்று. 1950ஆம் ஆண்டில் அரசியலமைப்பின் 46ஆம் பிரிவு நலிந்தோர் கல்வியை அரசின் கடமை எனப் பொறித்தது.

இன்றைய உலகம்

இன்றும் செல்வ நாடுகளின் கொடை ஏழை நாடுகளுக்குச் சென்றவண்ணம் உள்ளது. அது முழுவதும் வீண் என்பார் கூற்று உண்மைக்குப் புறம்பு. 2000 முதல் 2015 வரை ஆப்பிரிக்காவில் 66 கோடிக்கு மேற்பட்ட மலேரியாக் காய்ச்சல்கள் தடுக்கப்பட்டன என்றும், அவற்றுள் மூன்றில் இரு பங்கு மருந்து தோய்த்த கொசுவலையால் தடுக்கப்பட்டவை என்றும் 2015ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு கணித்தது. அவ்வலைகளுட் பெரும்பகுதி பிறர் தந்த பணத்தில் வந்தவை.

இலவசமாய்த் தந்தால் ஏழை மதிக்கமாட்டான் என்பாரும் உளர். கென்யா நாட்டில் கருவுற்ற தாய்மாரிடையே நடந்து, 2010ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு இதனைப் பொய்யாக்கியது. வலைக்கு அரை டாலரைச் சற்றே தாண்டிய சிறு விலை வைத்தவுடன், வாங்குவோர் தொகை நூற்றுக்கு அறுபது புள்ளி சரிந்தது. விலை கொடுத்தவர் இலவசமாய்ப் பெற்றவரைவிட மிகுதியாகப் பயன்படுத்தவும் இல்லை. உயிருக்கும் எழுத்துக்கும் வாயிலில் நின்று கட்டணம் கேட்பது அறமன்று.

ஆனால் கொடையின் நிலையாமையையும் அண்மையிற் கண்டோம். 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவியைத் திடீரென நிறுத்தியபோது, பல நாடுகளில் அவ்வுதவியை நம்பியிருந்த மருத்துவ நிலையங்கள் மூடப்பட்டன. கொடுப்பவர் மனம் மாறினால் பெறுபவர் முறையிட மன்றம் இல்லை. உரிமைக்கு மன்றம் உண்டு.

நாம் செய்ய வேண்டுவது

ஆகவே ஈகையால் ஏழ்மை தீருமா என்ற வினாவுக்கு, கட்டின்றித் தீரும் என்றோ தீராது என்றோ விடை கூற இயலாது. ஏழையைக் கலந்து செய்யும் கொடை பயன் தரும். ஏழையைக் காட்டிச் செய்யும் கொடை பயன் தராது. அரசின் கடமையைத் தட்டி எழுப்பும் கொடை வளரும். அக்கடமையை மறக்கச் செய்யும் கொடை தேயும். உயிர் காக்கும் வேளையில் கொடையை மறுப்பது மடமை. உரிமைக்கு மாற்றாக அதனை ஏற்பது அதனினும் பெரிய மடமை.

நம் கழகம் 25 ஆண்டுகளுக்கு முன் பதினொருவர் மாதம் பத்து ரூபாய் போட்டுத் தொடங்கியது. துப்புரவுப் பணியாளரும், இரயில்வேத் தொழிலாளரும், நம்மைப் போன்ற ஆசிரியரும் அதில் இருந்தனர். வீடுதோறும் பிடியரிசி எடுத்துத் தாய்மார் படிப்பகப் பிள்ளைகளுக்கு மாலைக் கஞ்சி காய்ச்சினர். அந்த அரிசியும் பொலிஜி முதியவரின் 38 டாலரும் ஒரே பானையைச் சேர்ந்தவை என்று நாம் கருதுகிறோம்.

எனவே விடுதி குறித்து நாம் பணிவுடன் முன்வைப்பது இது. செல்வரின் கொடையை ஏற்போம், முழுவதையும் ஏற்கவேண்டா. நாலில் ஒரு பங்கை நாம் போடுவோம். அப்பங்கை விடுதிக்கு வரும் பிள்ளையின் பெற்றோரிடம் கேட்கக் கூடாது. இக்கழகத்தால் படித்து இன்று ஊதியம் பெறும் நாம் தரவேண்டும். நிலமும் கட்டடமும் கழகத்தின் பெயரில் பதியப்பட வேண்டும். நிருவாகக் குழுவில் பெற்றோரும், அங்குத் தங்கிப் படித்த பெண்களும் இடம்பெற வேண்டும். பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படம் எடுக்கும் வழக்கம் வாயிற்படியைத் தாண்டலாகாது. அடிக்கல் நாட்டும் அதே நாளில், இவ்வட்டாரத்துக்கு உரிய அரசு விடுதி கேட்டு நம் விண்ணப்பம் மாவட்ட ஆட்சியர் மேசையில் இருக்க வேண்டும். விடை வரும்வரை ஆண்டுதோறும் இருக்க வேண்டும்.

ரோசன்வால்டு தம் நிதியம் என்றென்றும் நிலைக்க வேண்டும் என்று விரும்பவில்லை. ஒரு தலைமுறைக்குள் முழுவதும் செலவழித்து மூடிவிடுமாறு பணித்தார். 1948ஆம் ஆண்டில் அவ்வாறே மூடப்பட்டது. பிரிவினை ஒழிந்தபின் அவர் பெயர் தாங்கிய பள்ளிகளுள் மிகப் பலவும் மூடப்பட்டு, பாழடைந்து, 2002ஆம் ஆண்டில் அழியும் நிலையிலுள்ள வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றன. அங்கே பயின்ற முதியோர் இன்று சிலவற்றை எடுத்துப் புதுக்கி வருகின்றனர். தம் தேவை தீர்ந்து மூடப்படுவது ஒரு பள்ளிக்குத் தோல்வியன்று. நம் கழகமும் பொன்விழாக் காணும் நாளில், நம் பிள்ளைகளுக்கென்று தனியே பிடியரிசி எடுக்கவேண்டிய தேவை இவ்வூரில் இல்லாதிருக்குமாயின், அதனைக் காட்டிலும் பெரிய விழா வேறில்லை. அந்நாளை நோக்கி அடுத்த மாதச் சந்தாவைத் தவறாது செலுத்துமாறு உறுப்பினர் அனைவரையும் அன்புடன் வேண்டி அமைகிறோம்.